பாண்டியர் பந்தியும் பாரசீகப் பரியும்

13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டி நாட்டுக் கரையை அடைந்த வெனிசு நகரத்து வணிகர் மாக்கோ போலோ, தமிழர் மீது ஒரு பழியை எழுதிவைத்துச் சென்றார். இந்நாட்டு மன்னன் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்ட குதிரைகளை விலைக்கு வாங்குகிறான். அவனுடன் பிறந்த அரசர் நால்வரும் அவ்வாறே வாங்குகின்றனர். ஆண்டு முடிவிலோ அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை. குதிரையைப் பேணும் வகை இவர்களுக்குத் தெரியாமையால் எல்லாம் மாண்டுபோகின்றன என்பதே அவர் கூற்றின் சாரம். இக்கூற்று அன்று தொட்டு இன்றுவரை வரலாற்று நூல்களில் ஒருவர் வாய் மற்றொருவர் வாய் ஏறி வருகின்றது. தமிழ்நாட்டு வரலாற்றை எழுதிய பெரும்பாலோர் இதனை எடுத்துக் காட்டியுள்ளனர். ஆராய்ந்து பார்த்தவர் சிலரே. கடல் வாணிகத்திலும் கோயிற் கட்டடத்திலும் நீர்ப்பாசனத்திலும் தேர்ந்த ஓர் இனத்தார், பொன்னைக் கொட்டி வாங்கிய உயிர்களை அறியாமையாற் கொன்றனர் என்னும் தீர்ப்பு சிறிய தீர்ப்பன்று. அதற்குச் சான்று போதுமா என்பது கேட்கப்பட வேண்டிய வினாவாகும்.

தமிழகத்திற்குக் குதிரை கடல் வழியே வந்த செய்தி மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், அந்நகரத் தெருக்களிற் குவிந்த பொருள்களுள் கடலில் வந்த குதிரைகளையே முதலில் வைத்து எண்ணுகிறார். மதுரைக்காஞ்சியும் பெரும்பாணாற்றுப்படையும் இதே செய்தியைத் தருகின்றன. ஈழத்துக்கும் இவ்வாணிகம் புதியதன்று. குதிரை ஏற்றி வந்த நாவிகன் ஒருவனுடைய மைந்தர்களான சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவர், சூரதீசனை வென்று அநுராதபுரத்திலிருந்து 22 ஆண்டுகள் நீதி வழுவாது ஆண்டனர் என மகாவமிசம் கூறும். இது கி. மு. 3ஆம் நூற்றாண்டின் செய்தி. குதிரை விற்றவன் மக்கள் அரசு கைப்பற்றும் அளவுக்கு அவ்வாணிகம் செல்வமும் படைவலியும் தந்தது போலும்.

சோழர் காலத்தில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் கல்வெட்டுக்களிற் காணப்படுகின்றனர். இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுக்கள் குதிரைச் சேவகரைப் படைப்பிரிவினராகக் குறிக்கின்றன. ஆயினும் இவ்வாணிகம் பெருவெள்ளமாய்ப் பெருகியது பிற்காலப் பாண்டியர் காலத்திலேயாம். முதலாம் மாறவர்மன் குலசேகரன் 1268இல் அரியணை ஏறினான். அவன் ஆட்சியிற் காயற்பட்டினம் கீழ்த்திசைக்கும் மேற்றிசைக்கும் நடுவே பெருந்துறையாய் விளங்கிற்று. ஓர்முசு, கீசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றிய கலங்கள் அங்கே வந்து சேர்ந்தன. ஓர்முசுக் கலங்கள் இரும்பாணி இன்றித் தென்னங் கயிற்றாலே தைக்கப்பட்டவை. சரக்கை ஏற்றி, அதன்மேல் தோலை விரித்து, அத்தோலின்மேற் குதிரைகளை நிறுத்திக் கொண்டு வந்தனர் என மாக்கோ போலோ எழுதுகிறார். அத்தகைய கலங்களில் அரபிக்கடலைக் கடந்து, கொற்கைக் குடாவில் இறங்கிய குதிரை எந்நிலையில் இறங்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நின்ற நிலையில் பல நாள், அசையவும் இடமின்றி, அளந்து வைத்த நீரோடு வந்த உயிர் அது. அதன் நலிவின் ஒரு பகுதி கடலிலேயே தொடங்கிவிட்டது.

மாக்கோ போலோவுக்குத் துணைச் சான்றாக நிற்பவர் பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு என்பவர். அவர் தரும் விவரம் இன்னும் நுட்பமானது. கீசுத் தீவின் தலைவனான மலிக்குல் இசுலாம் சமாலுத்தீன் தன் சொந்த இனக் குதிரைகளில் 1400ஐ ஆண்டுதோறும் பாண்டி நாட்டுக்கு அனுப்புவதென உடன்படிக்கை இருந்தது. அவனுடைய உடன்பிறந்தானாகிய தக்கியுத்தீன் பாண்டியனுக்கு அமைச்சனாயிருந்து, காயல் முதலிய மூன்று துறைமுகங்களையும் தன் பொறுப்பில் வைத்திருந்தான். ஆகவே விற்றவன் அண்ணன். வாங்கும் பொறுப்பில் இருந்தவன் தம்பி. குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தினார். வரும் வழியிற் குதிரை இறந்தாலும் ஊறுபட்டாலும் அதன் விலையை அரச பண்டாரமே கொடுத்தல் வேண்டும் என்பதும் உடன்படிக்கையின் ஓர் உறுப்பு. இத்தகைய ஒப்பந்தத்தில் வணிகன் தன் குதிரையை உயிரோடு கொண்டு வருவதில் எவ்வளவு அக்கறை காட்டியிருப்பான் என்பது வாசகர் அறிவுக்கு விடத்தக்கது.

வசாபு தரும் எண்களை அவ்வாறே ஏற்றுக்கொள்ளல் அரிது. அபூபக்கர் என்னும் அத்தபேக்கின் காலத்தில் ஆண்டொன்றுக்கு 10,000 குதிரைகள் மாபார், காம்பே முதலிய துறைகளுக்குச் சென்றன என்றும், அவற்றின் மொத்த விலை 22,00,000 தினார் என்றும் அவர் கூறுகிறார். 10,000ஐ 220ஆற் பெருக்கினால் வருவது சரியாக 22,00,000. துறைமுகத்தில் ஒவ்வொரு கலமாக எண்ணிப் பெற்ற தொகை இவ்வளவு செம்மையாய் அமைவதில்லை. இது பலகையில் இருந்து பெருக்கிய கணக்கு. வசாபு பாரசீகத்திலிருந்தே எழுதியவர் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஆயினும் அப்பொன் கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும் தேவரடியார்மீது விதித்த வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டது என அவர் சொல்லும் செய்தி தள்ளத்தக்கதன்று. குடிகள் கோயிலுக்குக் கொடுத்தது குதிரையாகிப் பந்தியில் நின்றது என்றாற் பாண்டியப் பேரரசு எதனை நம்பி நின்றது என்பது தெளிவாகும்.

இனி, குதிரைகளைப் பேணிய முறைபற்றி இவ்விருவரும் கூறுவதை நோக்கலாம். சமைத்த அரிசியும் சமைத்த இறைச்சியும் உணவாகக் கொடுத்தனர் என்றும், குதிரை மருத்துவமும் இலாடம் அடித்தலும் அறிந்த கொல்லர் நாட்டில் இல்லை என்றும், அத்தகையோர் எவரும் இந்நாட்டுக்கு வராதவாறு குதிரை வணிகரே தடுத்தனர் என்றும் மாக்கோ போலோ கூறுகிறார். நல்ல சாதிக் குதிரையும் நல்ல சாதிப் பெட்டையும் சேர்ந்து ஈன்ற குட்டியும் கால் கோணிப் பயனற்றுப் போயிற்று என்பது அவர் கூறும் மற்றொரு செய்தி. வசாபுவோ, பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும் நெய்யிலே பிசைந்த தானியமும் கொடுத்துக் காய்ச்சிய பசுப்பாலைக் குடிக்க வைக்கின்றனர் என வியக்கிறார். கொழுக்கும்பொருட்டு நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் பந்தியிற் கட்டிவைத்து, பின்னர்ப் பயிற்சி எதுவுமின்றி, அங்கவடியும் இன்றி, பேய்போல ஏறி ஓட்டுகின்றனர். சில நாளில் வலிமிக்க குதிரையும் தளர்ந்து மந்தமாய்ப் பயனற்றதாகிறது. ஆதலால் ஆண்டுதோறும் புதுக்குதிரை வேண்டியிருக்கிறது என்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். குதிரைக்கு இறைச்சியும் நெய்யும் கொடுத்தல் என்பது இவ்விருவரும் நினைத்ததுபோல அறியாமையால் எழுந்த கோமாளித்தனம் அன்று. அது நூல் வழிப்பட்ட முறை. கௌடலியருடைய அருத்தசாத்திரத்தில் அசுவாத்தியட்சனின் கடமைகளைக் கூறும் அதிகாரம் ஒன்று உண்டு. தலைசிறந்த குதிரைக்கு நாள் உணவாக நெல்லரிசி அல்லது வாற்கோதுமை முதலிய தானியம் இரண்டு துரோணம், பாதி உலர்ந்ததாகவோ பாதி வெந்ததாகவோ கொடுக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. அதனுடன் நெய்ப்பொருள் ஒரு பிரத்தம், உப்பு ஐந்து பலம், இறைச்சி ஐம்பது பலம், கவளத்தை நனைப்பதற்கு இறைச்சிச் சாறு அல்லது தயிர், பின்னர்ச் சருக்கரையோடு கள் அல்லது பால் என அப்பட்டியல் நீள்கிறது. ஆகவே பாண்டியன் பந்தியில் நடந்தது நூலறியாதார் செயலன்று. நூலை அறிந்தவர் செயல். வந்தவர்கள் தம் நாட்டு வழக்கத்தோடு ஒவ்வாததைக் கண்டு அறியாமை என்றனர்.

ஆனால் அதே அதிகாரத்தில் வேறு பலவும் உள. குதிரையின் நீளத்தைப்போல் இருமடங்கு அகலமுள்ள கொட்டில், தளத்திற்குப் பலகை, நச்சுப் பொருளைக் காட்டிக்கொடுக்கக் குரங்கு, மயில், கீரி, கிளி முதலியவற்றை அருகில் வளர்த்தல், நாளுக்கு இருமுறை நீராட்டல், புல் இத்தனை பாரம் என்னும் அளவு, பருவத்திற்கேற்ப உணவை மாற்றுவதற்கு மருத்துவன் என்பன அவை. மருத்துவன் தவறினால் நோய் முற்றிற்று என்று கண்டால் அவனுக்கு இருமடங்கு தண்டம். குதிரையின் நடைகளைக் கூறுமிடத்தில், பாகன் காட்டும் குறிப்பை உணர்ந்து அதற்கேற்ப ஒழுகும் நடை ஒன்றனையும் தனி வகையாக எண்ணியிருப்பது போற்றத்தக்கது. மிருகத்தோடு பேசும் மொழி ஒன்று உண்டு என்பதை அந்நூலார் அறிந்திருந்தனர். கிரேக்க நாட்டிலே கி. மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செனொபன், குதிரையேற்றம் பற்றிய தம் நூலில், சினத்தோடு குதிரையை அணுகுதல் ஆகாது என்றும், வற்புறுத்தலால் அது செய்வதனை அது விளங்கிச் செய்வதில்லை என்றும் உரைத்தது இதனோடு ஒப்பிடற்குரியது. இவ்விரு நூல்களிலும் உணவு, கொட்டில், பயிற்சி, குறிப்புமொழி, மருத்துவம் என்பன ஒன்றையொன்று பற்றி நிற்பவை. ஒன்றைப் பிரித்தெடுத்து மற்றவற்றை விட்டாற் குதிரை நிலைபெறாது.

அருத்தசாத்திரம் வடநாட்டு நூல். அது சிறந்தவையாகக் கூறும் காம்போசம், சிந்து, ஆரட்டம், வனாயு என்னும் இடங்கள் யாவும் வடக்கிலும் வடமேற்கிலும் உள்ளவை. தெற்கின் வெப்பத்தையும் ஈரத்தையும் அந்நூலார் கருதவில்லை. தமிழருக்குத் தம் நாட்டளவில் அறிந்த முறை ஒன்று இருந்ததா என்னும் வினாவுக்கு விடை புறநானூற்றில் இருக்கிறது. குதிரையின் வீரத்தைப் பாடுவதற்குக் குதிரை மறம் எனத் தனித் துறையே வகுத்தவர் தமிழர். எருமை வெளியனார் பாடிய செய்யுளில், போருக்குச் சென்றவர் எல்லோருடைய குதிரைகளும் திரும்பின. வீட்டிலே சிறு மகனைப் பெற்றுவைத்த ஒருவனுடைய குதிரை மட்டும் வரவில்லை என்று மனைவி கலங்குகிறாள். ஆள் வரவில்லை என்று அவள் சொல்லவில்லை; குதிரை வரவில்லை என்கிறாள். வீட்டார் நெஞ்சில் அவ்விலங்குக்கு இருந்த இடம் அச்சொல்லில் விளங்கும்.

பொருள் நோக்கில் இதனினும் அரியது பொன்முடியார் பாடிய 299ஆம் செய்யுள். பருத்தி வேலி சூழ்ந்த சிற்றூர்த் தலைவனுடைய குதிரை உழுந்தின் சக்கையைத் தின்று வளர்ந்தது, தளர்ந்த நடையுடையது. மருத நிலத்துப் பெருமன்னருடைய குதிரைகளோ நெய் பெய்து மிதித்த கவளத்தை உண்டவை, பிடரி மயிர் ஒழுங்காகக் கொய்யப்பட்டவை, மாலை அணிந்தவை. போர்க்களத்திலே சக்கை தின்ற குதிரை, கடலைப் பிளக்கும் தோணிபோலப் பகைவர் படையைப் பிளந்து சென்றது. நெய் உண்ட குதிரைகள் ஒதுங்கி நின்றன. வசாபு எழுதுவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு முன்னரே, நெய்க் கவளத்தாற் குதிரை கெடும் என்பதைத் தமிழ்ப் புலவர் ஒருவர் கண்டு சொல்லிவிட்டார். உரையாசிரியர்கள் இச்செய்யுளைச் சிற்றூர் மன்னன் வீரத்துக்கு எடுத்துக்காட்டாகவே கொண்டனர். கவிதை மிகைப்படுத்தும் இயல்புடையதாயினும், இருவகைத் தீனியை இவ்வளவு திட்டமாகக் குறித்து அவற்றின் பயனையும் வேறுபடுத்திக் காட்டியது கண்ணாற் கண்டதன் விளைவே எனக் கொள்ளல் தகும்.

இக்காலக் கால்நடை மருத்துவ அறிவு பொன்முடியார் பக்கமே நிற்கிறது. குதிரையின் இரைப்பை உடம்பின் பருமனுக்குச் சிறியது. வாந்தி எடுக்கும் ஆற்றல் அதற்கில்லை. அதன் உணவிற் பெரும்பகுதி பெருங்குடலிலும் அதனோடு சேர்ந்த குருட்டுக் குடலிலும் நுண்ணுயிர்களாற் புளிக்கவைக்கப்பட்டே செரிக்கிறது. நாளின் பெரும்பொழுதும் சிறிது சிறிதாகப் புல்லையும் நாரையும் மேய்வதற்கென அமைந்த உடல் அது. அவ்வுடலுக்கு ஒரே வேளையில் மாப்பொருள் மிகுந்த தானியத்தைத் திணித்தால் செரியாத மிகுதி பெருங்குடலை அடைந்து அங்குள்ள நிலையைக் கெடுக்கும். கொடிய சூலை உண்டாகும். குளம்பின் உட்சதை அழன்று குளம்பே கழலும். கால் ஊன்ற முடியாத குதிரைக்கு ஆயுள் இல்லை. நாற்பது நாள் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்து, திடீரென ஓடவிட்டால் தசைகள் சிதைந்து இறுகிப்போவதும் மருத்துவர் நன்கு அறிந்த நோயே. எனவே வசாபு நோய்க்குக் கூறும் காரணம் பெரும்பாலும் சரியே. அவர் வைத்த பெயரே பிழையானது. அது காட்டுமிராண்டி நாட்டின் அறியாமை அன்று; செல்வர் வீட்டுச் செல்லம். புல்லையும் உமியையும் தின்ன வேண்டிய உயிருக்கு விருந்தினர்க்கு இடுவதை இட்டனர்.

காலநிலைக்கும் ஒரு பங்கு உண்டு. வறண்ட பாலை நாட்டிற் பிறந்த குதிரை ஈரவெப்பம் மிக்க கடற்கரைக்கு வந்தால், சில வேளைகளில் வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடும். வியர்வை அற்ற குதிரை சிறு ஓட்டத்திலும் உடல் வெந்து வீழும். ஆங்கிலப் படையின் குதிரை மருத்துவர்கள் இந்தியாவில் இதனைக் கண்டு எழுதியுள்ளனர். குருதி உண்ணும் ஈக்களாற் பரவும் சுர்ரா என்னும் நோயின் கிருமியைக் கிறிபித்து எவன்சு என்பார் 1880இலேதான் பஞ்சாபில் கண்டறிந்தார். அதற்கு முன் எந்நாட்டு மருத்துவனும் அதற்குக் காரணம் கூறியிருக்க முடியாது. கால் கோணிய குட்டிகளைப் பற்றி மாக்கோ போலோ கூறுவதும் தீனியிலும் மண்ணிலும் உள்ள குறையைக் காட்டுமேயன்றித் தாயைக் கவனித்தவன் பிழையை மட்டும் காட்டாது.

ஆங்கிலேயர் பட்ட பாடும் இதற்குச் சான்று. கிழக்கிந்தியக் கம்பனி பீகாரிலே பூசா என்னுமிடத்திற் குதிரைப் பண்ணை அமைத்து, முறைப்படி கால்நடை மருத்துவம் பயின்ற வில்லியம் மூர்குரொப்ட்டு என்பவரை 1808இல் அதற்குத் தலைவராக்கியது. அவரே நல்ல இனக் குதிரைகளைத் தேடிப் பனிமலைகளைக் கடந்து புக்காராவரை சென்று, 1825இல் அவ்வழியிலேயே உயிர் துறந்தார். பின்னர்ப் படைக்கு வேண்டிய குதிரைகள் நியூ சவுத்து வேல்சிலிருந்து கப்பலிற் சென்னைக்கு வந்திறங்கின. அறிவியலும் ஆட்சியும் கைவந்த அவர்களும் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் வெளிநாட்டுக் குதிரையையே நம்பியிருக்க, பாண்டியனை மட்டும் பழித்தல் நேர்மையாகாது. சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேயர் தம் குதிரைகளுக்கு வேகவைத்த கொள்ளையே தீனியாக இட்டனர் என்பதும் சுவையான செய்தி. கொள்ளென்றால் வாய் திறக்கும், கடிவாளமென்றால் வாய் மூடும் என்னும் பழமொழி பிறந்த நாட்டில் அவர்கள் கற்றுக்கொண்ட தீனி அது.

இன்னும் ஒரு முரண்பாடு உளது. 1311இல் மாலிக்கபூர் பாண்டி நாட்டைச் சூறையாடித் திரும்பியபோது 512 யானைகளையும் 5000 குதிரைகளையும் கொண்டு சென்றான் என அமீர் குசுரு எழுதுகிறார். அவரும் மிகைபடக் கூறுபவரே. பாதியைத் தள்ளினாலும் மீதி 2500 ஆகும். ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சாத நாட்டில் இத்தனை குதிரைகள் எவ்வாறு இருந்தன? ஆண்டுதோறும் புதியன வந்துகொண்டிருந்தமை ஒரு விடையாகலாம். ஆயினும் எல்லாம் மாண்டன என்பது துறைமுகத்தில் வணிகர் வாயிற் கேட்ட பேச்சு என்பதே பொருத்தமான விடையாகத் தோன்றுகிறது. தாம் விற்கும் பண்டம் நீடித்து நில்லாது என்பதை விற்பவனே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விசித்திர வாணிகம் அது. குதிரைக் கொல்லரை வரவொட்டாது தடுத்தவர் யார் என்பதை மாக்கோ போலோ மறைக்கவில்லை. பழியை மட்டும் வாங்கியவன் மேல் வைத்தார்.

பாண்டியர் வீழ்ந்த பின்னரும் கதை மாறவில்லை. சாளுவ நரசிம்மன் ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை வரவழைத்து, உயிருள்ளதாயினும் இறந்ததாயினும் மூன்று குதிரைக்கு ஆயிரம் வராகன் கொடுத்தான் என்றும், கடலில் இறந்தவற்றின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலும் விலை கிடைத்தது என்றும் போத்துக்கேயரான நூனிசு கூறுகிறார். கிருட்டிணதேவராயன் தன் ஆமுக்தமாலியதையிற் குதிரை வணிகரை ஊரும் பரிசும் கொடுத்துத் தன்பால் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் அக்குதிரைகள் பகைவரை அடையும் என்று அரசருக்கு அறிவுரை வகுத்தான். குதிரையைக் கொண்டுவருவதில் காட்டிய இவ்வரசியல் அறிவில் ஒரு கூறு அதனைப் பேணுவதிலும் காட்டப்பட்டிருக்குமாயின் தென்னாட்டு வரலாறு வேறு வகையாய்ச் சென்றிருக்கலாம். பழி என ஒன்று உண்டாயின் அது இங்கேதான் உண்டு. அறிவு வாதுவன் கையிலே, சிற்றூரிலே இருந்தது; பொன் அரண்மனையில் இருந்தது; இரண்டும் சந்திக்கவில்லை.

மக்கள் நினைவும் இதனை ஒருவாறு பேணி வைத்துள்ளது. பாண்டியன் கொடுத்த பொன்னோடு குதிரை வாங்கச் சென்ற வாதவூரர் பெருந்துறையிலே அப்பொன்னைத் திருப்பணிக்குச் செலவிட்டதும், இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்ததும், அன்றிரவே அவை மீண்டும் நரிகளாகிப் பந்தியில் நின்ற பழைய குதிரைகளைக் கடித்துக் குதறி ஓடியதும் சைவ உலகம் அறிந்த வரலாறு. அடியார் பெருமையை உணர்த்த எழுந்த அத்திருவிளையாடலை வெறும் பொருளாதாரச் செய்தியாக்குதல் தகாது. எனினும் அரசன் பண்டாரத்தைத் திறந்து வாங்கிய குதிரைகள் ஓரிரவில் இல்லாதொழிவதும், கோயிற் பொன்னும் குதிரைப் பொன்னும் ஒன்றற்கொன்று மாறி நிற்பதும் அக்காலத்தார் கண்முன் நிகழ்ந்த காட்சியோடு ஒத்திருப்பதை வரலாற்று மாணவர் கவனியாது விடலாகாது. பரஞ்சோதி முனிவர் இக்கதையைப் பாடுமிடத்தில் வணிகர் தலைவனாக வந்த இறைவன் வாயிலாகக் குதிரை இலக்கணத்தையே விரித்துரைக்கின்றார். ஆவுடையார் கோயிலில் இன்றும் அப்பெருமான் குதிரை வீரனாகக் கல்லில் நிற்கின்றார்.

ஈழத்திலும் விலங்கு மருத்துவம் அரசரால் ஓம்பப்பட்ட சான்றுகள் உள. மனிதருக்கும் விலங்குக்கும் உரிய இருவகை மருத்துவமும் சோழ, பாண்டிய நாடுகளிலும் தாமிரபரணி எனப்பட்ட இலங்கையிலும் ஏற்படுத்தப்பட்டன என்பது அசோகனின் இரண்டாம் பாறைச் சாசனம். கி. பி. 4ஆம் நூற்றாண்டில் ஆண்ட புத்ததாசன், யானைக்கும் குதிரைக்கும் படைஞருக்கும் மருத்துவர்களை நியமித்தான் எனச் சூளவமிசம் கூறுகிறது.

யாழ்ப்பாணத்தார் இவ்வாராய்ச்சிக்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பசுத்தீவு எனப் போத்துக்கேயர் பெயரிட்ட நெடுந்தீவிலே, ஒல்லாந்தர் அதற்குத் தெல்வ்து என்று தம் நகரொன்றின் பெயரை இட்டுக் குதிரை வளர்த்தனர். 1697இல் யாழ்ப்பாணத்துக் கொமாந்தராக இருந்த சுவார்தக்குறூன் எழுதிவைத்த குறிப்பிலும் தீவுகளிற் குதிரை வளர்த்தல் பேசப்படுகின்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலப் படை அதிகாரியான நோலன் என்பார் அப்பண்ணையை நடத்தினார். முருகைக்கல்லால் எழுப்பிய இலாயத்தின் தூண்கள் இன்றும் வெளியில் நிற்கின்றன. பண்ணை கலைந்தபின் குதிரைகள் கட்டறுந்து தீவின் தென்புறத்துப் புல்வெளிகளிற் பரவின.

அக்குதிரைகளுக்கு வாதுவன் இல்லை, கொட்டில் இல்லை, நெய்க் கவளமும் இல்லை. உப்புக் காற்றில் முளைக்கும் குறும்புல்லை மேய்ந்து, பெட்டையும் குட்டியுமாகக் கூட்டங் கூட்டமாகத் திரிந்து, இரு நூற்றாண்டுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாக அவை வாழ்ந்து வருகின்றன. உருவிற் சிறுத்துவிட்டன என்பது உண்மை. குட்டிகள் பிறந்து ஓடுகின்றன என்பதும் உண்மை. தமிழர் வாழும் வெப்பக் கடற்கரையிற் குதிரை வாழாது என்ற கூற்றுக்கு இதனினும் வேறு மறுமொழி வேண்டியதில்லை. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது அவற்றின் மேய்ச்சல் நிலமும் அதனுட் சேர்ந்தது. அவற்றுக்குத் தீனியாற் கேடில்லை. கேடு வருவது நீரால். நெடுந்தீவிலே நன்னீர்க் கிணறு அரிது. கடும் வறட்சி கண்ட ஆண்டுகளிற் குளமும் துரவும் வற்ற, குதிரைகள் நீரின்றி விழுந்து இறந்ததுண்டு. அக்காலத்திலே தொட்டிகளுக்கு நீர் கொண்டுபோய் ஊற்றினால் அவை பிழைக்கும். ஊற்றாவிடிற் சேற்றிற் கால் புதைந்த நிலையிலேயே கிடந்து சாகும்.